அறுபது பாத்தி, ஒரு தப்பான குப்பி

1

இந்தக் கதை ஒரு போன் அழைப்பில் பிறந்தது. குற்றவாளி நான்தான். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்து முகம் சுளிப்பதைவிட, முதலிலேயே ஒத்துக்கொள்வது மேல்.

என் அண்ணி கத்தரிக்காயில் வீரிய ரகம் உருவாக்குகிறவர். ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு, அவர் செடிகளுக்கு நடுவே குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் கூப்பிட்டேன். அப்போது எழுதிக்கொண்டிருந்த வேறொரு கதையை வாசித்துக் காட்டினேன். இருபது நிமிடம். அவர் ‘ம்’ கொட்டிக்கொண்டே வேலையைத் தொடர்ந்தார். அந்த ‘ம்’கள் என்ன செய்துவைத்தன என்பது எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

வாசித்த கதை பாதியில் செத்துப்போயிற்று. நீங்கள் படிப்பது, அது கெடுத்த காரியத்தின் கதை.

2

முதலில் எழுதிய தொடக்கம்: “பனி படிந்த ஊதாப் பூக்களை அவள் விரல்கள் தொட்டபோது…”

அண்ணி படித்துவிட்டு, பனி இருந்தால் மகரந்தம் ஒட்டாது, ஈரம் காய்ந்த பிறகுதான் பூவையே தொடுவோம் என்றார். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: “நாற்பது வீட்டார், எழுநூற்று எண்பது கல்யாணங்கள்.” எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. கல்யாணம், சம்பந்தி என்று ஒரு சொல் வந்தாலும் இந்தக் கதையில் தான் இருக்கப்போவதில்லை என்று அண்ணி சொல்லிவிட்டார். கதாநாயகியே கோபித்துக்கொண்டு போனால் நான் யாரை வைத்து எழுத? ஆகவே நேராகச் சொல்கிறேன்.

அண்ணியின் குளிர் அறையில் நாற்பது தூய ரகங்களின் விதைகள் இருக்கின்றன. பல தலைமுறையாகத் தன் மகரந்தத்திலேயே காய்த்துக் காய்த்து, அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரி வருபவை, கொஞ்சம் நோஞ்சானும்கூட. இவற்றில் இரண்டைக் கலந்தால் சில சமயம் பிள்ளைச் செடி பெற்றோர் இருவரையும் தாண்டிக் காய்க்கும். கலப்பு வீரியம் என்பது அதுதான். தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும் என்போமே, அப்படி. எந்த ஜோடியின் குட்டி பாயும், எது படுத்துக்கொள்ளும் என்பது நட்டு, பறித்து, நிறுத்துப் பார்த்தால்தான் தெரியும். நாற்பதில் எழுநூற்று எண்பது ஜோடி தேறும். இருக்கிற நிலமோ அறுபது பாத்தி.

3

அங்கேதான் தசமம் வருகிறார்.

அவர் அண்ணி வேலை பார்க்கும் ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு நிபுணர். எதையும் ‘சுமாராக’ என்று சொல்லத் தெரியாதவர். டீயில் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால் ஒன்று புள்ளி இரண்டு ஸ்பூன் என்பார். அதனால் அந்தப் பெயர்.

ஒவ்வொரு ரகத்தின் மரபணுவிலும் ஐயாயிரம் இடங்களில் என்ன குறி இருக்கிறது என்று அவர் படித்துவைத்திருந்தார். முந்தைய ஆண்டுகளில் செய்த கலப்புகளின் காய் எடையை அந்தக் குறிகளோடு பொருத்தி, இன்னும் நடாத ஜோடிகள் எவ்வளவு காய்க்கும் என்று கணித்தார். எழுநூற்று எண்பதுக்கும் வரிசை எண் போட்டாயிற்று. முதல் அறுபதை மட்டும் நட்டால் போதும்.

நிலைய இயக்குநருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் ஒரு விதியும் போட்டார்: முதல் அறுபதில் எந்த ஜோடியிலும் தலைகாட்டாத ரகங்களைப் பருவ முடிவில் குளிர் அறையிலிருந்து எடுத்துவிடலாம், இடம் மிச்சம்.

அப்படி மாட்டிக்கொண்டவற்றில் ஒன்று ‘கோணல்’. அண்ணி எட்டு வருடம் வளர்த்துத் தேர்ந்தெடுத்த ரகம். காய் அரிவாள்போல் வளைந்திருக்கும். ஆனால் ஊரே வாடுகிற வெயிலில் அது மட்டும் இலை தொங்காமல் நிற்கும். கோணலைக் ‘கறுப்பி’ என்ற ரகத்தோடு கலந்தால் அருமையாக வரும் என்பது அண்ணியின் நம்பிக்கை. பட்டியலில் அந்த ஜோடிக்கு நானூற்றுப் பன்னிரண்டாவது இடம்.

(இந்த இடத்தில் தசமத்தை வில்லனாக்கி இரண்டு பக்கம் சண்டை எழுதியிருந்தேன். மேசையில் குத்து, கண்ணாடி டம்ளர், ‘செடிக்கு உயிர் இருக்கு சார், உங்க எண்ணுக்கு’ என்று ஒரு — வேண்டாம். அப்படி நடக்கவில்லை.)

நடந்தது இதுதான். அண்ணி ஒரே ஒரு பாத்தி கேட்டார். தசமம் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் அறுபதாவது ஜோடியை அடித்தார்.

“உங்க கண்ணு சொல்றதும் ஒரு தகவல்தானே மேடம்,” என்றார்.

அண்ணிக்கு அதில் நிம்மதி வரவில்லை. சண்டை போடத் தயாராகப் போனவருக்குக் கதவு திறந்தே இருந்தால் வருமே, அந்த எரிச்சல்தான் வந்தது.

4

அந்தக் கலப்பைச் செய்த காலையில்தான் நான் போன் செய்தேன்.

முந்தின மாலையே கோணல் மொட்டுகளைப் பிரித்து, மகரந்தப் பைகளை இடுக்கியால் எடுத்துவிட்டிருந்தார். காலையில் வேறு செடியின் மகரந்தத்தைத் தொட்டு வைக்க வேண்டியதுதான் பாக்கி. தட்டில் சின்னச் சின்னக் குப்பிகளில் மகரந்தம். காதுக்கும் தோளுக்கும் நடுவே நான். பத்துப் பூ முடித்து, பத்துச் சீட்டும் கட்டினார்: கோணல், கறுப்பி.

விதை வந்தது, நட்டார்கள், காய்த்தது. வாரத்துக்கு இரண்டு பறிப்பு. மூன்றாவது வாரத்திலேயே அண்ணியின் பாத்தியில் கூடை போதவில்லை. கடைசிப் பறிப்பு முடிந்து கூட்டிப் பார்த்தபோது அறுபதில் அதுதான் முதல். தசமத்தின் முதல் இடம் ஒன்பதாவதாக வந்திருந்தது. அண்ணி ஒரு வாரம் யாரிடமும் பெருமை பேசவில்லை. நிலைய நடையில் பாட்டு முணுமுணுத்ததோடு சரி.

பிறகு ஒரு முற்பகல் தசமம் கையில் ஒரு தாளோடு வந்து, கதவைச் சாத்தினார். எல்லாப் பாத்தியிலும் இலை கிள்ளி, சீட்டில் எழுதிய பெற்றோர்தானா என்று குறிகளை ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம்.

“உங்க பாத்தியில அம்மா கோணல்தான் மேடம். அப்பா கறுப்பி இல்ல.”

“பின்ன யாரு?”

“மொட்டை.”

மொட்டை என்பது முள்ளே இல்லாத இன்னொரு ரகம். ஒரு செடி இரண்டு செடி அல்ல, அத்தனை செடியும் அப்படித்தான். அண்ணி வயல் நோட்டைப் புரட்டினார். கலப்பு செய்த தேதிக்குப் பக்கத்தில், ஓரத்தில், அவர் கையெழுத்திலேயே இருந்தது: ‘தம்பி போன்’. அன்றைய தட்டில் மொட்டையின் குப்பி கறுப்பியின் குப்பிக்கு அடுத்ததாக இருந்திருக்கிறது.

தசமம் பட்டியலில் தேடினார். கோணல், மொட்டை ஜோடிக்கு அறுபத்து மூன்றாவது இடம்.

“மூணே மூணு இடம் மேடம்,” என்றார். அவர் குரலில் சந்தோஷமா துக்கமா என்று அண்ணியால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அன்று மத்தியானம் அண்ணி என்னைக் கூப்பிட்டு, அன்றைக்கு என்ன கதை வாசித்தாய் என்று கேட்டார். சொன்னேன்.

“அதை அச்சுல போட்டுடாத. ஏற்கனவே ஒரு வேலை பண்ணிருக்கு.”

5

இயக்குநரிடம் மறுநாள் கூட்டம். தசமம், அறிக்கையில் அந்தப் பாத்தியின் வரியைக் காலியாக விட்டு, நீங்களே எழுதிக்கொடுங்கள் என்று போய்விட்டார். மொட்டையைத்தான் முதலிலிருந்தே நினைத்தேன், சீட்டில் மட்டும் தவறாக எழுதிவிட்டேன் என்று அண்ணி எழுதியிருந்தால் கேட்பார் யாருமில்லை.

நான் இங்கே அவரை உத்தமியாக எழுதியிருந்தேன். ‘ஒரு கணமும் தயங்காமல்’ என்று தொடங்கிய வாக்கியம் அது. அண்ணி அதன்மேல் கோடு போட்டார்.

“சாப்பாட்டு நேரம் முழுக்க, மறைச்சிடலாமான்னுதான் யோசிச்சேன். அதையும் எழுது.”

எழுதிவிட்டேன்.

கூட்டத்தில் அவர் எழுந்து, அந்த முதல் இடம் தன் கணிப்பில் வந்ததல்ல, குப்பி மாறியதால் வந்தது என்றார். நினைத்த ஜோடி இன்னும் நடப்படவே இல்லை என்பதையும் சொன்னார். தசமம் தன் பங்குக்கு, ஜெயித்த ஜோடியைத் தன் பட்டியலும் அறுபத்து மூன்றாவது இடத்துக்குத் தள்ளிவிட்டது என்றார்.

இயக்குநர் தாளைப் பார்த்தார். “அறுபத்து மூணு ஜெயிக்கும்னா, அறுபதுல கோடு போட்டது யாரு?” என்று கேட்டார். எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். அறுபதில் வராத ரகங்களை எடுத்துவிடலாம் என்று கோடு போட்டவர் அவரேதான். சற்று நேரத்தில் அவருக்கே நினைவு வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, எந்த ரகத்தையும் எடுக்க வேண்டாம் என்றார். கோணல் பிழைத்தது. மொட்டையோடு பிறந்த கலப்பு அடுத்த கட்டச் சோதனைக்குப் போகிறது.

6

இங்கே நிறுத்தினால் நல்ல முடிவு. ஆனால் அண்ணி மறு பருவத்திலேயே, போனை அறையில் வைத்துவிட்டுப் போய், கோணலையும் கறுப்பியையும் நிஜமாகவே கலந்துவிட்டார். அந்த விதையில் வந்த செடிகள் இந்தப் பருவத்து அறுபது பாத்தியில் ஒன்றில் நின்று, இந்த வாரம் பூத்திருக்கின்றன. எடை தெரிய இன்னும் இரண்டு மாதம். பத்திரிகைக்கு நான் வெள்ளிக்கிழமை கதை கொடுத்தாக வேண்டும்.

அண்ணி ஜெயிப்பதாக ஒரு பத்தி எழுதினேன். தசமம் படித்துவிட்டு, எவ்வளவு வித்தியாசத்தில் என்று கேட்டார். தசமம் ஜெயிப்பதாக எழுதினேன். அண்ணி தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

பிறகு அண்ணிதான் சொன்னார்: “படிக்கிறவங்களைக் கேளேன். எத்தனாவதா வரும்னு அவங்களே போடட்டும். பென்சில்ல போடச் சொல்லு, நாங்க அப்படித்தான் போடுவோம்.”

பென்சில் இருக்கிறதா?

கோணல் × கறுப்பி, அறுபது பாத்தியில் இடம்: ………