கவிதையில் வெட்டுப்பட்ட இரண்டு வரி

1

மனிதன் தன் வாழ்வின் திசையைத் தேர்ந்தெடுக்கும் கணத்தில் அவன் தோள்மீது கைவைத்து நிற்பது கவிதை மட்டுமே.

இதை ஒரு கருத்தரங்கில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். என் தோள்மீது இதுவரை கைவைத்தவர்கள் பஸ் கண்டக்டர்கள்தான், "உள்ள போங்க சார்" என்று. இந்தக் கதை பிறந்தது என் தங்கையின் போனில். "அண்ணா, உன் கவிதையைப் படிச்சேன். வேலையை விடப்போறேன்."

2

தங்கை பல்செட் செய்பவள். (முதல் வரைவில் ஓவியர் என்று எழுதினேன். ஓவியர் வேலையை விட்டால் யார் கவலைப்படப்போகிறார்கள்?) பதினான்கு வருடமாக ஒரே லேபில், முன்பின் தெரியாதவர்களின் தாடைகளுக்கு நடுவே.

"சொந்தமா லேப் போடப்போறேன். உங்க வீட்டு மாப்பிள்ளை வேண்டாங்கிறார். பசங்க ரெண்டும் ஸ்கூல்ல. மூணு மாசமா மண்டையைப் பிச்சுக்கிட்டேன். நீ ஒரே வார்த்தையில முடிச்சுட்ட."

அவள் பத்திரிகையில் படித்தது இது:

கதவு திறந்திருக்கிறது
செருப்பு வெளியே காத்திருக்கிறது
கிளம்பு

கவிதைக்குள் வாழ்க்கை முடிவு எடுப்பவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? யாருக்கும் பிள்ளைகுட்டி கிடையாது. ஒரு கதவு, கொஞ்சம் வானம், ஆள் கிளம்பிவிடுவான். ஆகவே கவிதை என்பது பொறுப்பற்ற— (வேண்டாம். நானும் அந்தத் தொழிலில்தான் இருக்கிறேன்.)

3

நான் எழுதியது ஐந்து வரி. 'கிளம்பு'வுக்குப் பிறகு இது இருந்தது:

என்று சொன்னவன் எவனும்
மழையில் உடன் வரவில்லை

பத்திரிகையில் பக்கம் அமைப்பவர் சாதாரணமாகச் சொன்னார்: "கீழ மெத்தை விளம்பரம் சார். தலையணையை வெட்ட முடியாது. உங்களுதுல ரெண்டு வரி எடுத்துட்டேன். நச்சுன்னு நிக்குது பாருங்க."*

* நச்சென்றுதான் நின்றது.

4

முடிவு அ: உண்மையைச் சொல்கிறேன். அவள் ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு இன்னும் பதினான்கு வருடம் அதே நாற்காலியில் உட்காருகிறாள். என்னோடு பேசுவதில்லை.

முடிவு ஆ: சொல்லவில்லை. புது லேப் ஓகோ என்று ஓடுகிறது. எல்லாரும் சிரிக்கிறோம். (இது அந்த மெத்தை விளம்பரத்தைவிட மோசம்.)

முடிவு இ: "கவிதை யாருக்காகவும் முடிவெடுப்பதில்லை தங்கச்சி, அது வெறுமனே—" பல்லைக் கழற்றிவிடுவாள். மாட்டிவிடவும் தெரிந்தவள் என்பதுதான் ஆறுதல்.

5

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அழைத்துவிட்டாள்.

"மேனேஜர் ரூம் வாசல்ல நிக்கறேன். கடிதம் கையில இருக்கு. உள்ள போகப்போறேன் அண்ணா."

"ம்."

"என்ன ம்? ஊருக்கெல்லாம் பக்கம் பக்கமா பேசுவ, எனக்கு மட்டும் ம்மா? ஒண்ணே ஒண்ணு சொல்லு. கவிதை அவ்வளவுதானே? அதுக்கப்புறம் எதுவும் இல்லையே?"

வாசகரே, போனை உங்களிடம் தருகிறேன். அந்த இரண்டு வரியும் உங்களுக்குத் தெரியும். அவள் லைனில்தான் இருக்கிறாள். மெதுவாகச் சொல்லுங்கள்.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். 'கிளம்பு' என்ற கடைசி வரியின் துணிச்சலுக்காக அந்தக் கவிதை ஒரு பரிசின் இறுதிப்பட்டியலில் இருக்கிறது. ஏற்புரையை எழுதி முடித்துவிட்டேன்.