மத்தியானத்தில் என்ன செய்கிறீர்கள்?

மருமகள் கேள்வி கேட்க வேண்டும், மாமியார் பதில் சொல்ல வேண்டும். அன்றைய பாடம் அவ்வளவுதான். மருந்துக்கடைக்கு மேலே இருந்த அந்த அறையில், சனிக்கிழமை காலை, எல்லோரும் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள். எப்போது எழுந்திருக்கிறீர்கள், எழுந்ததும் என்ன செய்கிறீர்கள் என்று இங்கிலீஷில் விசாரித்து, பிறகு எழுந்து நின்று தன் ஜோடியின் ஒரு நாளை வகுப்புக்குச் சொல்ல வேண்டும். வீட்டில் கேட்டால் சண்டையில் முடியக்கூடிய கேள்விகள்.

வெளிநாட்டில் இருந்த மகன்தான் இருவரையும் வகுப்பில் சேர்த்துவிட்டவன். கல்யாணமான சில மாதங்களிலேயே வேலை கிடைத்துப் போனவன், தாயையும் மனைவியையும் சேர்த்தே அழைத்துக்கொள்ள அலைந்து, விசாவுக்கான இங்கிலீஷ் பேச்சுத் தேர்வு ஒன்றுதான் பாக்கி என்ற நிலைக்குக் கொண்டுவந்திருந்தான். "ரெண்டு பேரும் பாஸாகணும். அம்மாவைத் தனியா விட்டுட்டு நீ மட்டும் வர முடியாது" என்று மருமகளிடம் கறாராகச் சொல்லியிருந்தான். அவள் தான் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையில் முதலாளியின் முகச்சுளிப்பைப் பொறுத்துக்கொண்டு சனிக்கிழமைகளில் லீவு எடுத்தாள். மாமியாருக்கோ இங்கிலீஷ் ஏறவே இல்லை. முந்தின வாரம் நடுவில் 'வித்' என்ற வார்த்தையை விழுங்கிவிட்டு, "ஐ ஈட் மை டாட்டர்-இன்-லா" என்றாள். வகுப்பே சிரித்தது. "உள்ளதைத்தானே சொல்றாங்க" என்று மருமகளும் சேர்ந்து சிரித்தாள்.

இன்று காலைப்பொழுது சுமாராகப் போனது. மாமியார் எழுந்தாள், குளித்தாள், சமைத்தாள். மருமகள் அடுத்த கேள்விக்குப் போனாள். "இன் தி ஆஃப்டர்நூன், வாட் டூ யூ டூ?"

"ஐ கோ."

"வேர்?"

"ஹாஸ்பிடல்."

மருமகள் தமிழுக்குத் தாவினாள். "என்ன அத்தை, உடம்புக்கு என்ன பண்ணுது?"

"இங்கிலீஷ் ஒன்லி!" என்றாள் ஆசிரியை பலகைப் பக்கத்திலிருந்து.

"நோ சிக். ஐ ஃபோல்ட்." மாமியார் இரண்டு கைகளையும் விரித்து, சேர்த்து, மடித்துக் காட்டினாள். "பெட்ஷீட். எவ்ரி டே."

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில்தான் அவள் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தாள். இப்போது மத்தியானமெல்லாம் டிவி முன்னால் தூங்குகிறாள் என்றே மருமகள் நினைத்திருந்தாள். சாயங்காலம் கேட்டால் "நல்ல தூக்கம்" என்றுதான் சொல்வாள். தமிழில் என்றால் இன்றும் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தைகளுக்குள் உள்ளதைத்தான் சொல்ல முடிந்தது.

மருமகளின் முறை வந்தது. எழுந்து நின்று காலையை ஒப்பித்தாள். மத்தியானத்துக்கு வந்ததும் தயங்கினாள். மாமியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன் தி ஆஃப்டர்நூன், ஷி ஸ்லீப்ஸ்" என்றாள் மருமகள். ஆசிரியை வெரி குட் சொன்னாள்.

வகுப்பு முடிந்து இருவரும் படியிறங்கினார்கள். தெருவுக்கு வந்ததும் மருமகள் கேட்டாள். "எதுக்கு அத்தை? ரிட்டயரான பிறகு, சம்பளம்கூட இல்லாம?"

"சம்பளத்துக்கா போறேன்? நாலு பேரோட வாயாடிக்கிட்டே கைவேலை செஞ்சா பொழுது போறதே தெரியல. வீட்ல சுவரைப் பாத்துக்கிட்டு எவ்வளவு நேரம் உக்காருறது?"

"வெளிநாட்டுக்குப் போயிட்டா?"

"அங்கயும் நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவீங்க. எனக்குப் புதுச் சுவரு."

மருமகளுக்கு இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் இவளை இழுத்துக்கொண்டு வந்ததெல்லாம் எதற்கு? "வரப் பிடிக்கலன்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! நீங்க வேணும்னே பாஸாகாம இருந்தா நான் இங்கயே கிடக்கணும்."

"வேணும்னே இல்லம்மா. எனக்கு நிஜமாவே வரல."

சாயங்காலம் மகன் கூப்பிட்டபோது, மாமியார் மருமகளின் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். "டேய், நான் வரல. அவளைக் கூப்பிட்டுக்க."

"என்னம்மா திடீர்னு? அவ ஏதாவது சொன்னாளா?"

"கிளாஸ்ல சொல்லியிருக்க வேண்டியதைக்கூட அவ சொல்லல."

"தனியா எப்படிம்மா இருப்ப?"

"நான் என்ன கைக்குழந்தையா? கட்டிக்கிட்டவன் நீ. குடும்பம் நடத்துற வழியைப் பாரு." போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். யோசித்துச் சொல்வதாக அவன் மனைவியிடம் சொன்னான்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மருமகள் கடையிலிருந்து கிளம்பி ஆஸ்பத்திரியின் பின்பக்கம் போனாள். என்ன பேசப் போகிறோம் என்று அவளுக்கே தெளிவில்லை. சலவைக்கூடத்தின் கதவு திறந்திருந்தது. உள்ளே சூடான சோப்பு வாசனை, இயந்திரங்களின் இரைச்சல். அதையும் மீறி மாமியாரின் குரல் கேட்டது. யாரோ ஒரு டாக்டரைப்போல நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். சுற்றியிருந்த பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இப்படியொரு குரலை வீட்டில் மருமகள் கேட்டதே இல்லை.

வாசலில் நின்றவளை மாமியார் பார்த்துவிட்டாள். அவளுக்கு எதிரில் நின்று மடித்துக்கொண்டிருந்த பெண், பெட்ஷீட்டின் இரண்டு முனைகளை மருமகளிடம் நீட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

"இறுக்கிப் பிடி" என்றாள் மாமியார்.

இருவரும் பின்னால் நகர்ந்தார்கள். துணி விறைத்து நின்றது. ஒரு உதறு உதறி, கைகளைச் சேர்த்து, முனைகளை இணைத்துக்கொண்டு, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தார்கள்.