சனிக்கிழமைப் பானை

செங்கம்மா கேழ்வரகுக் கூழை வேப்பமரத்து நிழலில் இறக்கி வைத்தாள். மகள் தாட்சாயணி சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. ஏழு மாத வயிற்றோடு காலை அகட்டி உட்கார்ந்து ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை ராத்திரி தின்றதோடு சரி. இன்று சனிக்கிழமை, பெருமாள் விரதம். விளக்கு வைத்த பிறகுதான் வாயில் ஏதும் படும்.

நகரியிலிருந்து திருத்தணிக்குப் போகிற சாலை. போன பங்குனியில் மாகாண எல்லையை மாற்றினதில் திருத்தணி மெட்ராஸ் பக்கம் போய்விட்டது. நகரி ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. கல் உடைக்கிறவர்களுக்கு அதனால் வெயில் குறையவில்லை.

"ஏ தாட்சாயணி, மெல்லத் தட்டு. நீ ஆந்திரால ஒடைக்கிற கல்லு மெட்ராஸ்ல போயி வுழுது" என்றாள் பக்கத்துக் குவியல் ஜெயம்மா. தாட்சாயணி சிரிக்கவில்லை. சிரிக்கத் தெம்பு இல்லை.

மேஸ்திரி ரங்கையா அந்த வழியாக வந்தவர் நின்றார். "ஏமம்மா, தினலேதா? துன்னாம இங்க மயக்கம் போட்டு வுழுந்தா நான்தான் பதில் சொல்லணும்." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"ரெண்டு வாய் குடிடி" என்றாள் செங்கம்மா.

"சனிக்கெழம."

"வயித்துல கீறதுக்கு சனி ஏது, ஞாயிறு ஏது? நர்சம்மா கண்ணைப் பாத்துட்டு இன்னா சொல்லிச்சி? ஒடம்புல ரத்தமே இல்ல, இப்பிடியே இருந்தா இதுவும் தங்காதுன்னு சொல்லிச்சா இல்லியா?"

"போன வாட்டி ரெண்டு சனிக்கெழம வுட்டேன். அதான் பெருமாள் எடுத்துக்கினாரு." போன வருஷம் பிறந்த பிள்ளை நீலம் பாரித்து, அழாமலே வந்தது. "நீ செஞ்சதத்தானம்மா செய்யறேன். நைனா செத்த வருஷம் ஒரு சனிகூட வுடாம விரதம் இருந்த. நாங்க மூணு பேரும் பொழைச்சிக்கினோம்."

செங்கம்மாவுக்கு வாயிலிருந்த வெற்றிலை கசந்தது.

அந்த வருஷம் கூலி தானியமாக வந்தது. ஞாயிற்றுக்கிழமைதான் அளப்பார்கள். சனிக்கிழமையானால் பானையின் அடி தெரியும். மூன்று குழந்தைகளுக்கு ஊற்றினால் தனக்கு இருக்காது. "நீ துன்னலியாம்மா?" என்று ஆறு வயது தாட்சாயணி கேட்டுக்கொண்டே தன் கிண்ணத்தை நீட்டினாள். அதைத் தாங்க முடியாமல் வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்து நெற்றியில் நாமம் இழுத்துக்கொண்டு, "எனக்கு இன்னிக்கிப் பெருமாள் விரதம்" என்றாள் செங்கம்மா. அடுத்த சனிக்கும் அதையே சொன்னாள். பானையில் அடி தெரியாத காலம் வந்ததும் விட்டுவிட்டாள். மகள் விடவில்லை.

பதினெட்டு வருஷம் யாரிடமும் சொல்லாததைக் கல்குவியல் ஓரம் குந்திக்கொண்டு இப்போது சொன்னாள். "வெரதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. கூழு பத்தல. அவ்ளோதான். பெருமாளை நான் நெனைக்கக்கூட இல்ல. உங்க மூணு கிண்ணத்தைத்தான் நெனச்சேன்."

சுத்தியல் நின்றது. ஜெயம்மாவும் தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"அப்ப ஒன் பங்கை நாங்கதான் துன்னோமா?"

"துன்னீங்க. அதான் உசுரோட கீறீங்க. இப்பக் குடி."

தாட்சாயணி சட்டியைப் பார்த்தாள். கை நீளவில்லை. சுத்தியலை மறுபடி எடுத்துக்கொண்டு சொன்னாள்: "அவரு பேரைச் சொல்லி நாமம் போட்டு ஏமாத்தினியா? அப்ப நீ இருக்கறதா சொன்ன வெரதத்தை இதுவரிக்கும் யாருமே இருக்கல, அந்தக் கடன் அப்பிடியே நிக்குது. எம்புள்ள போனது அதுக்குத்தான். இனிமே வெளக்கு வெச்சும் துன்னமாட்டேன். ஞாயித்துக்கெழம விடியற வரிக்கும் இருப்பேன்."

உண்மையைச் சொன்னால் மகள் சாப்பிடுவாள் என்று நம்பியிருந்தாள் செங்கம்மா. உள்ளதும் போயிற்று. மகளின் உதடு வெளுத்திருந்தது. அவள் தூக்கின சுத்தியல் கல்லில் படாமல் மண்ணில் இறங்கியது.

செங்கம்மா வெற்றிலையைத் துப்பினாள். தண்ணீர் வாங்கி வாய் கொப்பளித்தாள். மடியிலிருந்த சுண்ணாம்பை எடுத்து நெற்றியில் மேலிருந்து கீழே இழுத்தாள். வேர்வையில் எரிந்தது. பெருமாள் மலை இருக்கும் வடக்குப் பக்கம் திரும்பினாள்.

"ஏமாத்தினவ நான். நான்தான் இருக்கணும். இன்னியிலேர்ந்து சாவற வரிக்கும் எல்லா சனியும் நான் இருக்கறேன். இவளைக் கேக்காத."

"மெய்யாவா?"

"வெத்தலகூடப் போடமாட்டேன். நீயே காவலு இரு."

"மறுபடியும் ஏமாத்தினா?"

"என்னை எடுத்துக்கட்டும்."

தாட்சாயணி தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சட்டியை இழுத்தாள். முதல் வாய் உள்ளே போகாமல் ஓங்கரித்தாள். இரண்டாவது போயிற்று. ஒவ்வொரு வாய்க்கும் தலையைத் தூக்கி, அம்மா எதையாவது மெல்லுகிறாளா என்று பார்த்தாள். சட்டி காலியாயிற்று. அதில் செங்கம்மாவின் பங்கும் இருந்தது.

பொழுது உச்சிக்கு வருவதற்குள் பசி வந்துவிட்டது. பதினெட்டு வருஷம் கழித்தும் அதற்கு வழி மறக்கவில்லை. விலா எலும்புக்கு அடியில், அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. செங்கம்மா மகளின் கையிலிருந்து சுத்தியலை வாங்கினாள். ஒரு கல்லை எடுத்துக் கால் இடுக்கில் வைத்தாள்.

"பாத்துக்கினே இருக்கேன்" என்றாள் தாட்சாயணி.

"பாரு" என்று சொல்லிவிட்டுத் தட்டினாள்.