அன்னக்கிளி வாங்கிய இரும்பு

குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் ஒரு வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வந்தாலே நாலு பால்கனியில் தலை முளைக்கும். ஐம்பத்து மூன்று வயது அன்னக்கிளி வீட்டு வாசலில் ட்ராலி ஆட்டோ நின்று, அதிலிருந்து நீளமாக ஓர் இரும்புக் கம்பியும் வட்ட வட்டமாக எடைத் தட்டுகளும் இறங்கினால் காலனி சும்மா இருக்குமா? எதிர்வீட்டு உஷா துணி உலர்த்துகிற சாக்கில் ஒரே துண்டை மூன்று தடவை உதறினாள். சாயங்காலத்துக்குள் தீர்ப்பும் ஆகிவிட்டது. பையன் மோகனுக்குப் பெண் பார்க்கிறார்களாம். சம்பந்திகள் முன்னால் ஒல்லியாகத் தெரியத்தான் இந்தக் கூத்தாம்.

காலனியின் ஊகம் அபூர்வமாகத்தான் தப்பும். இந்தத் தடவை தப்பிவிட்டது.

விஷயம் அன்னக்கிளியின் கணவர் தண்டபாணி. தாராபுரத்திலிருந்து வந்து, பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியில் இருபத்து நான்கு வருஷம் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தவர். 2009 ஜூனில் ஒரு நாள் காலை பல் துலக்கப் போனவர் வாஷ்பேசினுக்கு அடியில் கிடந்தார். பக்கவாதம். இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு கொஞ்சம் குழறியது. கோபம் மட்டும் குழறவில்லை.

பார்த்துக்கொள்ள ஏஜென்சியிலிருந்து ஆள் வைத்தார்கள். முதல் ஆள் நோயாளியைவிட அதிகம் தூங்கினான். இரண்டாமவன் தசராவுக்கு ஊருக்குப் போனவன் போனவன்தான். மூன்றாமவன் செல்போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் செருகி யாரையோ கொஞ்சிக்கொண்டே, தண்டபாணியை அக்குளில் கைவிட்டு மூட்டை மாதிரி நாற்காலியில் போட்டான். நூறு பேரை வேலை வாங்கிய மனுஷன். மறுநாளிலிருந்து கட்டிலை விட்டு அசையமாட்டேன் என்றுவிட்டார்.

மகன் மோகன் மாதாப்பூரில் சாஃப்ட்வேர் டெஸ்டர். அடுத்தவர் செய்ததில் ஓட்டை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவன். அவன் ஒரு பராமரிப்பு இல்லத்தைப் பார்த்து, பேரையும் எழுதிவைத்துவிட்டு வந்தான்.

"பிப்ரவரி ஒண்ணாந்தேதி பெட் காலியாகுதும்மா. சுத்தமான எடம்."

"அங்கெல்லாம் அவிய இருக்க மாட்டாங்க கண்ணு."

"இங்க மட்டும் என்ன? படுத்தே கெடந்தா முதுகு புண்ணாயிரும்னு டாக்டர் சொல்றாரு. யாரு தூக்கி உக்காரவெக்கறது?"

"நான் தூக்கறேன்."

மோகன் சிரித்தான். அம்மா சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான். "சரி. ஜனவரி கடைசி ஞாயித்துக்கிழமை. கட்டில்லருந்து நாற்காலிக்கு, என் கண்ணு முன்னால, மூணு தடவ. மூணும் பாஸானாத்தான் பாஸ். இல்லீனா அப்பா அங்கதான்."

ஆபீஸ் புத்தி வீட்டுக்கு வந்தால் இப்படித்தான். அன்னக்கிளி தலையாட்டினாள்.

தண்டபாணிக்குக் கைகால் பயிற்சி கொடுக்க வரும் பிசியோ பெண்ணிடம் கேட்டாள். தண்டபாணி எழுபத்திரண்டு கிலோ. வலது கால் பாதியைத் தாங்கிவிடும். மிச்சம் முப்பத்தாறு கிலோவை முழங்காலை மடக்கி, நெஞ்சோடு ஒட்டித் தூக்கத் தெரிந்தால் போதும். முப்பத்தாறு. அந்த நம்பரோடு மெயின் ரோட்டில் முகமது யூசுப்பின் உடற்பயிற்சிச் சாமான் கடை ஏறினாள்.

யூசுப் வாணியம்பாடிக்காரர். வந்ததும் வராததுமாக, கப்பியும் கம்பிவடமும் வைத்துப் பளபளத்த ஒரு பெரிய மெஷினைத் தட்டிக்காட்டினார். "வீட்டுக்குள்ளயே மொத்த ஜிம்மு க்கா. தம்பிக்குத்தானே?"

"எனக்குங்."

யூசுப் நல்ல வியாபாரி. சிரிப்பை விழுங்கிக்கொண்டார். அன்னக்கிளி உட்கார்ந்து பிடியை இழுத்துப் பார்த்தாள். வெண்ணெய் மாதிரி வந்தது. சந்தேகம் அங்கேதான் தொடங்கியது.

"அறுவது கிலோன்னு எழுதியிருக்குது. முருங்கக்காக் கட்டாட்டம் வருதுங்?"

"கப்பி பாதிய தின்னுரும் க்கா. அதான் இதுல சொகுசு."

"அப்பறம், இது தண்டவாளத்துல போறாப்பல நேரா போகுதுங். என்ற ஊட்டுக்காரரு தண்டவாளத்துல வரமாட்டாரு. சாய்வாரு, வழுக்குவாரு."

யூசுப்புக்குப் புரியவில்லை. அன்னக்கிளி சொன்னாள். கேட்டு முடித்தபோது அவர் குரலில் இருந்த கடை போய்விட்டது.

"ஹவ் க்கா, சரிதான். அப்ப மெஷின் நக்கோ, வேணாம்." உள்ளேயிருந்து ஒரு கம்பியும் தட்டுகளும் எடுத்துவந்தார். "இது கோணும், ஒரு பக்கம் இழுக்கும். உங்களுக்கு அதான் வேணும்."

அன்னக்கிளி கொண்டை ஊசியால் பெயிண்ட்டைச் சுரண்டிப் பார்த்தாள். தட்டுகள் நழுவாமல் பிடிக்கும் திருகை இறுக்கி, கம்பியைச் செங்குத்தாக நிறுத்தி உலுக்கினாள். கம்பி ஆறு கிலோ. பத்துக் கிலோ தட்டு இரண்டு, ஐந்து கிலோ தட்டு இரண்டு. கூட்டினால் சரியாக முப்பத்தாறு. மெஷினுக்கு ஆகிற விலையில் பத்தில் ஒரு பங்கு. இதைத்தான் உஷா பால்கனியிலிருந்து பார்த்தாள்.

முதல் வாரம் வெறும் கம்பி. அதற்கே இடுப்பு விட்டுப்போனது. மோகன் ஆபீஸ் போனதும், தண்டபாணியின் கட்டில் எதிரே ரப்பர் விரிப்பைப் போட்டுத் தூக்குவாள். அவர் மூன்று நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நாலாம் நாள் பொறுக்கமாட்டாமல் திரும்பினார்.

"முதுகு வளையுது அம்முணி. வேலைல இப்படித் தூக்கினீன்னா சீட்டைக் கிழிச்சிருப்பேன்."

"கிழிங்க பாக்கலாம்."

"முட்டிய மடக்கு. ம்ம். ஒடம்போட ஒட்டித் தூக்கு."

ஐந்து மாதத்தில் அவர் சேர்ந்தாற்போல் பேசியது அன்றைக்குத்தான். அதற்கப்புறம் தினமும் பதினோரு மணிக்கு ஷிப்ட் ஆரம்பமாகிவிடும். கீழ்வீட்டுக்காரர் தலைக்கு மேல் என்ன தொம் தொம் என்று சத்தம் என்று உஷாவைக் கேட்டார். உஷா விளக்கமாகச் சொன்னாள், சம்பந்தி கதையைத்தான்.

ஜனவரி பத்தாம் தேதிவாக்கில் முப்பத்தாறும் ஏறிவிட்டது. தண்டபாணி நல்ல கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினார். அது கைதட்டல்.

மறுநாள் கேஸ் சிலிண்டர் வந்தது. கேஸ்காரர் யாதகிரி நடையில் இறக்கிவைத்ததை, இவ்வளவுதானே என்று அன்னக்கிளியே தூக்கி உள்ளே வைத்தாள். மூச்சு வாங்கிவிட்டது. சிலிண்டரில் பொறித்த எடையும் உள்ளே இருக்கிற கேஸும் சேர்ந்தால் இருபத்தொன்பதரை. முப்பத்தாறு தூக்குகிற கை, இருபத்தொன்பதரைக்கு ஏன் திணறுகிறது?

"யாதகிரி, கொஞ்சம் நில்லு. அந்தத் தொங்கு தராசக் குடு."

"கேஸ் கரெக்டே உந்தம்மா!" என்று, எடை சரியாகத்தான் இருக்கிறதென்று, யாதகிரி தெலுங்கில் பதறினார். "கேஸ் இல்லப்பா" என்று எடைத் தட்டைக் கொக்கியில் மாட்டினாள். பத்து என்று இரும்பிலேயே வார்த்திருந்தது. முள் எட்டரையில் நின்றது. ஐந்து, நாலேகால். கம்பி மட்டும் யோக்கியம். மொத்தம் முப்பத்தொன்றரை.

நாலரை கிலோ குறைகிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு இருபது நாள். தண்டபாணியின் உடம்பில் அந்த நாலரை கிலோவை யாரும் குறைத்துத் தரப்போவதில்லை.

பத்தில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்று இரண்டு தட்டைப் பையில் போட்டுக்கொண்டு யூசுப் கடைக்குப் போனாள். "அரிசிக்கடையிலகூட இப்படிப் பண்ணமாட்டாங்க. எடைங்கறதுதான இதுல சரக்கே?"

யூசுப்பின் முகம் சுண்டிவிட்டது. "கம்பெனி வார்த்த நம்பர் க்கா. இந்தக் கடையில எட்டு வருஷமா ஒருத்தரும் நிறுத்துக் கேட்டதில்ல. பசங்க கண்ணாடியப் பாப்பாங்க, தராசப் பாக்கமாட்டாங்க." பக்கத்துப் பழைய பேப்பர் கடைக்கு அவரே தூக்கிப்போய் நிறுத்தார். பிறகு இரண்டரை என்று வார்த்த தட்டு இரண்டை எடுத்து, அதையும் நிறுத்து, இரண்டேகால், இரண்டேகால் என்று உரக்கச் சொல்லி அவள் பையில் வைத்தார். காசு வாங்கவில்லை.

இருபதாம் தேதிவாக்கில் நிஜ முப்பத்தாறு ஏறியது. அதற்கு மேல் இரும்பால் வேலையில்லை. ஆளைத்தான் தூக்கிப் பழக வேண்டும். மத்தியான வேளையில், வீட்டில் யாரும் இல்லாதபோது, தண்டபாணி வலது கையை அவள் கழுத்தில் போட்டுக்கொள்வார். "ஒண்ணு, ரெண்டு, ம்ம்" என்பாள். எழுந்து, ஒரு கால் மாற்றி, நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். ஒரு தரம் உட்கார்ந்த பிறகும் கையை எடுக்கவில்லை. "விடுங்க, அடுப்புல பருப்பு இருக்குது" என்று சொல்ல வேண்டியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. மோகன் பேனாவும் பேப்பருமாகக் கட்டிலெதிரே உட்கார்ந்தான். உஷா, தோசைமாவுப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், கொடுத்துவிட்டும் நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு தலை.

அன்னக்கிளி குனிந்தாள். "கைய மேல போடுங்க."

தண்டபாணியின் கை வரவில்லை. மடியில் கல் மாதிரி கிடந்தது.

"ஒண்ணு, ரெண்டு, ம்ம்."

வலது கால் ஊன்றவில்லை. எழுபத்திரண்டு கிலோவும் அவள் மேல் வந்தது. முழங்காலை மடக்கி, பதனமாகத் திரும்பக் கட்டிலில் இறக்கினாள். மோகன் பேப்பரில் ஏதோ எழுதினான். இரண்டாம் தடவையும் அதேதான். தண்டபாணியின் கண் கதவோரத்துத் தலைகளிடமும் மகனிடமும் போய்ப்போய் வந்தது. காது மடல் சிவந்திருந்தது.

"போதும்மா," என்றான் மோகன். பேப்பரை மடித்துவிட்டான். பையன் கல் நெஞ்சுக்காரன் இல்லை. "நீ முயற்சி பண்ணின. அது போதும்."

அன்னக்கிளி அந்தக் காது மடலையே பார்த்தாள். முப்பது வருஷக் கல்யாணம். தெருவில் நாலடி முன்னால் நடப்பார். சினிமாவில் நடுவில் மோகனை உட்காரவைப்பார். ரயிலில் ஏற்றிவிடும்போதுகூடப் பெட்டியைத்தான் பிடிப்பாரே தவிர இவள் கையைப் பிடித்ததில்லை. நாலு பேர் பார்க்க அந்த மனுஷன் பெண்டாட்டி கழுத்தைக் கட்டிக்கொள்வாரா?

"எல்லாரும் வெளிய போங்க."

"நான் பாக்காம எப்படிம்மா? பாத்தாத்தானே..."

"உங்கப்பன் என்ற கழுத்தக் கட்டறத நீ குந்தி எழுதோணுமாக்கும்? போ கண்ணு."

மோகன் எழுந்த வேகத்தில் பேனா கீழே விழுந்தது. கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாளும் விழுந்தது.

வெளியே நாலு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே அவர் ஏதோ குழறினார், அவள் அதட்டினாள், பிறகு, உஷா சத்தியம் செய்வாள், அவர் சிரித்தார். நாற்காலி முனகியது. கட்டில் முனகியது. மறுபடி நாற்காலி, கட்டில், நாற்காலி. மோகன் தன்னையறியாமல் விரல் மடக்கினான். மூன்றாவது விரலை மடக்கியதும் தாழ்ப்பாள் விலகியது.

தண்டபாணி நாற்காலியில் இருந்தார். சட்டையில் ஒரு பொத்தான் அவிழ்ந்திருந்தது, தலை கலைந்திருந்தது. அன்னக்கிளி இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினாள்.

"இன்னொரு தடவ பாக்கோணுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்மா."

மோகன் கூடத்துக்கு வந்து பராமரிப்பு இல்லத்துக்கு போன் போட்டான். பெட் வேண்டாம் என்றான். ஏன் என்று கேட்டிருப்பார்கள் போல. கொஞ்சம் யோசித்து, "வீட்லயே நல்ல ஆள் கெடச்சுட்டாங்க" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு தெலுங்கில் சொன்னான்.

உஷா இன்னும் நிலைப்படியில்தான் நின்றாள். உள்ளேயிருந்து தண்டபாணியின் குழறல் கேட்டது. எல்லாருக்கும் புரிகிற அளவுக்குத் தெளிவாகவே கேட்டது.

"கட்டிலுக்குப் போகோணும். கதவச் சாத்து அம்முணி."