நடுவில் ஒரு வருஷம்

நிறுத்தச் சொல்லும் சிக்னல் கை மேலே போனதை ஸ்டானிஸ்லாஸ் பார்த்தார். பார்த்தும், சரக்குத் தூக்கும் வின்ச்சின் பிரேக்கை அவர் கை போடவில்லை. ஒரு நொடிதான். அதற்குள் கப்பலின் வயிற்றிலிருந்து ஏறிவந்த உரமூட்டைகள் வலையோடு ஆடி, தளத்தின் விளிம்பில் இடித்து, ஒரு மூட்டை கிழிந்து கீழே நின்றவர்கள் மேல் கொட்டியது. யாருக்கும் அடியில்லை. மேலே நின்று கைகாட்டிக்கொண்டிருந்த அமீருதீன் மட்டும் வின்ச்சுக்கு அருகில் வந்து அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். இருவரும் பல வருஷமாக ஒருவர் கையை ஒருவர் நம்பி வேலை செய்கிறவர்கள்.

"இன்னா ஸ்டானிஸ், நெனப்பு எங்க கீது?"

"மன்னிச்சுக்கோ பாய். ராத்திரி தூக்கமில்ல."

"வூட்ல எதுனா பேஜாரா?"

பேஜார் என்று சொல்ல முடியுமா என்று ஸ்டானிஸ்லாஸுக்குத் தெரியவில்லை. மகள் பிலோமி பி.யு.சி.யில் முதல் வகுப்பில் தேறியிருந்தாள். ராயப்புரத்தில் அவர்கள் சந்திலேயே பி.யு.சி. முடித்த முதல் பெண் அவள்தான். கால்நடை டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று நேர்முகத்துக்குப் போய்வந்தாள். சான்றிதழைப் பார்த்தவர்கள், வயது சில மாதம் குறைகிறது, இந்த வருஷம் சேர்க்க வழியில்லை, அடுத்த வருஷம் வாம்மா என்று தன்மையாகவே சொல்லியனுப்பினார்கள். கேட்டவர்களெல்லாம் அவ்வளவுதானே என்றார்கள். ஒரு வருஷம்தானே, கண்ணை மூடித் திறந்தால் போய்விடும் என்றார்கள். அந்தச் சொல்தான் ஸ்டானிஸ்லாஸைத் தூங்கவிடாமல் செய்தது.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே காலியான வருஷம் அவர் எட்டாம் வகுப்பில் இருந்தார். மூட்டை முடிச்சோடு செங்கல்பட்டுப் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போனார்கள். பள்ளிக்கூடம் மூடிக் கிடக்கிறது, ஒரு வருஷம் போகட்டும், அப்புறம் சேர்ந்துகொள்ளலாம் என்று அவர் அப்பா சொன்னார். யாரும் வஞ்சகமாகச் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது பட்டாளத்துச் சாமான் இறக்க ஹார்பரில் ஆள் தேவைப்பட்டது. அந்த வருஷம் முடியவேயில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகியும் அவர் அதற்குள்தான் இருந்தார். கெட்ட வாழ்க்கை என்று சொல்ல மாட்டார். ஆனால் ஒரு பிள்ளை எந்த இடத்தில் நின்று போகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது என்பதை மட்டும் தெரிந்து வைத்திருந்தார்.

அன்று சாயங்காலம் மைத்துனன் லியோனார்ட் வந்திருந்தான். ரயில்வேயில் கிளார்க். எந்த விஷயத்துக்கும் ஒரு வழி வைத்திருப்பவன். பெண்கள் கல்லூரியில் பி.எஸ்ஸி. விலங்கியலுக்கு இடம் இருக்கிறது, திங்கட்கிழமையோடு சேர்க்கை முடிகிறது, உடனே சேர்த்துவிட வேண்டும் என்றான்.

"அடுத்த வருஷம் அங்க கெடைச்சா போவட்டும், மாமா. கெடைக்கலன்னா இதையே முடிச்சிட்டு டீச்சராயிடலாம். சும்மா வூட்ல குந்தவெச்சா நாலு பேரு நாலு வார்த்த பேசுவான்."

வியாகுலம்மாள் தம்பி சொன்னதற்குத் தலையாட்டினாள். அவளுக்கும் அதுதான் நிம்மதி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கும்போது, மகள் எங்கே படிக்கிறாள் என்று கேட்டால் சொல்ல ஒரு கல்லூரிப் பெயர் வேண்டும். பிலோமி சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாரும் பேசி முடித்ததும், "நான் மாதவரம் போறேன் நைனா. செவந்தியக்கா கொட்டாய்க்கு. இந்த வருஷம் பூரா" என்றாள்.

சிவந்தி அந்தச் சந்தில் முன்பு எருமை கட்டியிருந்தவள். ஊருக்குள் மாடு வைத்திருந்தவர்கள் மாதவரம் பால் காலனிக்குப் போனபோது அவளும் போய்விட்டாள். அவள் எருமை ஒன்று வயிறு ஊதி, நாக்கு தள்ளி, சந்து வாசலில் கிடந்து செத்ததைப் பிலோமி சின்ன வயதில் ஜன்னல் வழியே பார்த்திருக்கிறாள். விடியும்வரை ஜன்னலைவிட்டு நகரவில்லை. மாட்டு டாக்டர் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் அவள் வாயில் வந்தது.

"சாணி அள்ளவா பி.யு.சி. படிச்ச?" என்றாள் வியாகுலம்மாள்.

"அன்னிக்கி இன்டர்வியூல ஒரு சார் கேட்டாரும்மா. மாட்டைத் தொட்டிருக்கியான்னு. பார்த்திருக்கேன்னு சொன்னேன். அவர் ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் அசிங்கமா இருந்துச்சு. தொட்டதே இல்ல நான். சேர்ந்த பிறகு முடியலன்னா இன்னா பண்றது?"

லியோனார்ட் சிரித்தான். ஸ்டானிஸ்லாஸுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்வி அவளுக்குள் இவ்வளவு நாள் இருந்திருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. சனிக்கிழமை வேலைக்கு வரவில்லை என்று சொல்லியனுப்பிவிட்டு, "வா, போய்ப் பார்ப்போம்" என்று மகளோடு பஸ் ஏறினார். ஒரு நாள் அந்த நாற்றத்தில் நின்றால் தானாகவே மனம் மாறித் திங்கட்கிழமை கல்லூரிக்குப் போய்விடுவாள் என்ற எண்ணம் அவருக்கு இல்லாமல் இல்லை.

மாதவரத்தில் இறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. வரிசை வரிசையாகக் கொட்டகைகள், நடுவே சேறும் சாணியும் கலந்த பாதை. பிலோமி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். சிவந்தியின் கொட்டகையை விசாரித்துப் போனபோது அவள் வரவேற்கும் நிலையில் இல்லை. தலைப்பைச் சுற்றி இடுப்பில் செருகி, முழங்கைவரை ஈரமாக நின்றிருந்தாள். உள்ளே ஒரு எருமை படுத்துக்கொண்டு, நாலு காலையும் நீட்டி முனகிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் சட்டையைக் கழற்றிய ஒரு மனிதர் மண்டியிட்டிருந்தார். கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் சுப்புராஜ்.

"நல்ல நேரத்துல வந்த ஸ்டானிஸண்ணே" என்றாள் சிவந்தி. "விடிகாலைலேர்ந்து முக்கிக்கினு கீது. கன்னுக்கு ஒரு காலு உள்ள மடிஞ்சிக்கினு கீதாம். ஆளுங்க யாரையும் காணோம்."

டாக்டர் திரும்பிப் பார்க்காமலே கேட்டார். "யார் அது? கயிறு இழுக்கத் தெரியுமா?"

"ஹார்பர்ல வின்ச் ஓட்டறேன் சார்."

"அப்ப சரி. நான் சொன்னா இழுக்கணும், சொன்னா நிறுத்தணும். நீ யாரும்மா? தலையைப் புடி. கயித்தைத் தரையோட அழுத்திப் புடிச்சுக்க. எந்திரிக்க விடாத."

அந்தப் பெண் ஏன் வந்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவுமில்லை. பிலோமி எருமையின் தலைப்பக்கம் போய் உட்கார்ந்து, கயிற்றைப் பிடித்தாள். ஸ்டானிஸ்லாஸ் பின்பக்கம், கன்றின் காலில் கட்டியிருந்த கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். டாக்டரின் கை தோள்வரை உள்ளே போனது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே எதையோ தேடுகிறவர்போல முகத்தைச் சாய்த்து, மெதுவாக மூச்சுவிட்டார். மடிந்த கால் நேரானதும், "இழு" என்றார். ஸ்டானிஸ்லாஸ் இழுத்தார். "நிறுத்து." நிறுத்தினார். கயிற்றின் அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஒரு கனம் இருப்பதும், இன்னொருவர் சொல்படி அதை விடுவதும் பிடிப்பதும் அவருக்குப் பழக்கமான வேலை. பயப்பட நேரமில்லாமல் இருந்தது.

மூன்றாவது தடவை இழுத்தபோது எருமை அலறியது. தலையை ஒரு வீசு வீசியது. கொம்பு பிலோமியின் தோளை உரசி, தாவணியைக் கிழித்தது. ஒரே நேரத்தில் பின்னால் இரத்தமும் நீரும் கொட்டிச் சேறோடு கலந்து ஓடியது. பிலோமி கயிற்றை விட்டாள். எழுந்தாள். ஸ்டானிஸ்லாஸ் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. கொட்டகைக்கு வெளியே ஓடினாள்.

"கயித்த வுடாத!" என்று டாக்டர் கத்தியது அவளுக்கா அவருக்கா என்று தெரியவில்லை. சிவந்தி ஓடிப்போய்த் தலையின்மேல் தன் உடம்பைச் சாய்த்து அழுத்தினாள். ஸ்டானிஸ்லாஸால் போக முடியவில்லை. கயிறு கையில் இருந்தது. வெளியே மழையில் வைக்கோல் போரைப் பிடித்துக்கொண்டு மகள் வாந்தி எடுப்பது கொட்டகைத் தட்டியின் இடுக்கு வழியே தெரிந்தது. இழு என்ற சொல் வந்தது. இழுத்தார். ஒரு வழுவழுப்பான கறுப்பு மூட்டைபோலக் கன்று வெளியே வந்து விழுந்தது. டாக்டர் அதன் மூக்கைத் துடைத்து, வைக்கோலால் தேய்த்தார். அது தும்மியது.

சிவந்தி குனிந்து பார்த்தாள். அவள் முகம் விழுந்துவிட்டது.

"கிடா" என்றாள்.

பிலோமி எப்போது உள்ளே வந்தாள் என்று ஸ்டானிஸ்லாஸ் கவனிக்கவில்லை. சுவரோரம் நின்றிருந்தாள், நெற்றியில் தண்ணீர் ஒழுக. டாக்டர் வாளித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தபோது, "கிடான்னா இன்னாக்கா பண்ணுவாங்க?" என்று கேட்டாள். சிவந்தி தாயின் மடியை உருவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆண் கன்றைப் பால் ஊட்டி வளர்த்தால் கட்டுப்படியாகாது என்பதும், பாலில்லாமல் நாலைந்து நாளில் அது தானாக ஒடுங்கிச் செத்துப்போகும் என்பதும் அந்தக் காலனியில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். யாரும் அதைச் சொல்வதில்லை. பிலோமி டாக்டரைப் பார்த்தாள்.

"எருமை பொழச்சுது, பார்த்தியா" என்றார் அவர். சட்டையை மாட்டிக்கொண்டார். பொத்தானைப் போட்டுக்கொண்டே, "நான் வெளியில எடுத்துவுடுவேன்மா. அதுக்கு மேல என் கையில இல்ல" என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு மழையில் போய்விட்டார்.

திரும்பும் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஸ்டானிஸ்லாஸ் தன் துண்டை மகள் தோளில் போட்டுக் கிழிசலை மறைத்தார். இனி அவர் எதுவும் சொல்லத் தேவையில்லை. திங்கட்கிழமை போய்ச் சேர்ந்துவிடலாம் என்று சொன்னால், அவள் சரி என்று சொல்லிவிடுவாள். அவர் நினைத்து வந்தது நடந்தேவிட்டது. ஆனாலும் நிம்மதி வரவில்லை.

"ஓடிட்டேன் நைனா."

"பார்த்தேன்."

"செவந்தியக்கா இல்லன்னா எருமை எழுந்திருக்கும். உங்களுக்குக் கூட அடிபட்டிருக்கும்."

"படலையே."

"நான் கயித்த வுட்டது தெரியுதா உங்களுக்கு? அதுவா போவல. நான்தான் வுட்டேன்."

ஒரு பால் லாரி சேற்றை வாரியடித்துக்கொண்டு போனது. நாக்கு நுனியில் கல்லூரியின் பேர் இருந்தது. ஸ்டானிஸ்லாஸ் அதை விழுங்கினார். தைரியம் சொல்லவும் அவருக்கு வரவில்லை. எந்தப் பக்கம் தள்ளினாலும் அது தான் தள்ளியதாகவே இருக்கும் என்று பயந்தார். செங்கல்பட்டுத் தெருவில் தன் அப்பா பேசிய அந்த நாளில், தன்னிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை.

"திங்கக்கெழம காத்தால எந்த பஸ்ல ஏறணும்னு நீயே சொல்லு. மாமாகிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். பிலோமி துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழங்காலில் இருந்தவள், எல்லாரும் எழுந்த பிறகும் எழவில்லை. வியாகுலம்மாள் கல்லூரிக்குக் கட்டிப்போக நல்ல புடவை ஒன்றை மடித்துக் கட்டில்மேல் வைத்தாள். சாயங்காலம் பார்த்தபோதும் அது வைத்த இடத்திலேயே இருந்தது. ஸ்டானிஸ்லாஸ் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது உரமூட்டை இறக்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

திங்கட்கிழமை விடிந்தபோது அவள் எழுந்து குளித்திருந்தாள். வீட்டில் உடுத்தும் பழைய பாவாடை தாவணி. வியாகுலம்மாள் அதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போனாள். பாத்திரம் உருட்டும் சத்தம் பலமாகக் கேட்டது. பிறகு சோற்று டப்பாவைக் கொண்டுவந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே மகள் கையில் திணித்தாள்.

முதல் ஷிப்டுக்குப் போகவேண்டிய ஸ்டானிஸ்லாஸ் பஸ் நிறுத்தம்வரை கூட வந்தார். கல்லூரிப் பக்கம் போகும் பஸ் முதலில் வந்தது. ரெட்டைப் பின்னலும் புத்தகமுமாகப் பெண்கள் ஏறினார்கள். பிலோமி ஒரு அடி முன்னால் வைத்தாள். அவள் ஏறவில்லை. பின்னால் நின்ற ஒருத்திக்கு வழிவிட்டிருக்கிறாள். பஸ் போய்விட்டது.

"பயம் போச்சா கண்ணு?"

"இல்ல நைனா." டப்பாவை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, "அந்தக் கன்னு இன்னும் இருக்குமா?" என்றாள்.

அவர் பொய் சொல்லத் தெரியாமல் சாலையைப் பார்த்தார். மாதவரம் பஸ் நிரம்பி வழிந்துகொண்டு வந்தது, சரியாக நிற்கவுமில்லை. அவள் ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துப் படியில் ஏறினாள். டப்பாவை ஒரு கையில் மார்போடு அணைத்திருந்தாள். இன்னொரு கையின் விரல்கள் இறுகி வெளுத்திருந்தன. திரும்பிப் பார்ப்பாள் என்று அவர் கையைத் தூக்கினார். அவள் பார்க்கவில்லை. பஸ் வளைவில் ஒருபக்கமாகச் சாய்ந்து மறைந்தது.

ஹார்பர் சங்கு ஊதியது. அவர் நகரவில்லை. மீன்கூடையோடு வந்த ஒரு பெண், "கொஞ்சம் ஒத்திக்கோ நைனா" என்றாள். அவர் தள்ளி நின்றார். அவள், பிலோமி நின்றிருந்த இடத்தில் கூடையை இறக்கி வைத்தாள். கூடையிலிருந்து தண்ணீர் சொட்டி, தரையில் ஒரு திட்டாகப் பரவி, மெதுவாக அவர் செருப்பை நோக்கி வந்துகொண்டிருந்தது.