முதல் கரண்டி

என் நாத்தனார் ஒதாலிஸ் தான் செய்கிற இனிப்பைத் தானே வாயில் வைப்பதில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். மாமியார் போன பிறகு எங்கள் வீட்டின் நடுவே ஒரு பலகைச் சுவர் வந்தது. இந்தப் பக்கம் நானும் என் புருஷன் ரிகோவும், அந்தப் பக்கம் அவன் தங்கை. பலகையில் ஒரு கணு கழன்று விழுந்து ஓட்டை இருக்கிறது. ஒளிந்து பார்க்கிற புத்தி எனக்குக் கிடையாது. ஆனால் அந்த ஓட்டை சரியாக என் அடுப்புக்கு மேலே இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டா சமைக்க முடியும்?

முன்பெல்லாம் அவள் இப்படி இல்லை. கொய்யாத் துண்டுகளைப் பாகில் போட்டால் கொதிக்கக் கொதிக்க நக்கிப் பார்ப்பாள். சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் களியாகக் கிண்டினால் கரண்டியில் பாதி அவள் வாய்க்குள்தான் போகும். ஃப்ளான் செய்வதில் எங்கள் மத்தான்சாஸ் ஊர் முழுக்கத் தேடினாலும் அவளுக்கு ஈடு கிடையாது, அதை நானே ஒப்புக்கொள்கிறேன். பாலையும் முட்டையையும் அடித்து, தகர டப்பாவில் கருக்கிய பாகின் மேல் ஊற்றி, குக்கரில் வேகவைத்து, ஆறவிட்டுக் கவிழ்த்தால், தட்டில் அது லேசாக ஆடிவிட்டு நிற்கும். பார்க்கும்போதே நாக்கில் எச்சில் ஊறும்.

போன மழைக்காலத்தில் தெருவே காய்ச்சலில் படுத்து எழுந்தது. அதற்குப் பிறகுதான் அவள் மாறினாள். அடுப்பை அணைத்ததும் நேராக வாசலுக்கு வருவாள். போகிற வருகிற யாரையாவது பிடிப்பாள்.

"மிர்த்தா, ஒரு வாய் பாத்துட்டுப் போயேன்."

கொடுத்துவிட்டு, சாப்பிடுகிறவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அவர்கள் விழுங்கும்வரை கண்ணை எடுக்கமாட்டாள்.

எங்கள் ஊரில் தான் செய்ததைத் தானே தொடாமலிருப்பது சின்ன விஷயம் இல்லை. ஆற்றுத்தாய் ஓச்சுனுக்கு ஒரு தடவை யாரோ தேனில் விஷம் வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவளுக்குத் தேன் படைக்கிறவர்கள், அவள் கண்ணெதிரே முதலில் தங்கள் நாக்கில் வைத்துக் காட்டிவிட்டுத்தான் படைக்க வேண்டும். தெய்வத்துக்கே அந்தச் சந்தேகம் இருக்கும்போது எனக்கு இருக்கக் கூடாதா?

ரிகோ ஞாயிறு தவறாமல் அந்தப் பக்கம் போய் ஒரு தட்டு ஃப்ளான் சாப்பிட்டுவிட்டு வருவான். அப்படிப் போய்வந்த ஒருநாள், மீசையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"பெல்கிஸ், முன் ரூமை ஒதாலிஸுக்குக் குடுத்திடலாம்னு பாக்கறேன்."

முன் அறையில் தெருவைப் பார்த்த ஜன்னல். அதன் அடியில் என் தையல் மெஷின். கிழிந்த கால்சட்டையும் பிரிந்த பாவாடையும் அந்த ஜன்னல் வழியாகத்தான் என் கைக்கு வரும், அதன் வழியாகத்தான் திரும்பிப் போகும். ஜன்னல் போனால் என் பிழைப்பு போச்சு.

"என் மெஷின்?"

"பின்னால போட்டுக்க."

"பின்னாலயா? அங்க பட்டப்பகல்லயே ஊசிக் காது தெரியாது. தடவித் தடவித் தைக்கட்டுமா?"

"அவளுக்கு யாருமில்லடி. டப்பாவைத் தூக்கிக்கிட்டு வீடு வீடா அலையறா. ஜன்னல்ல வச்சா வர்றவன் போறவன் வாங்குவான்ல?"

கல்யாணமான நாளிலிருந்து என்னைக் கேட்காமல் ஒரு நாற்காலியைக்கூட நகர்த்தாத மனுஷன். அவன் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு. எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. மருந்து வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஃப்ளானில் வைத்துத்தான் என் புருஷனை மடக்கியிருக்கிறாள். அதனால்தான் தான் மட்டும் தொடுவதில்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு மிர்த்தாவிடம் மட்டும் சொன்னேன்.

"உன் காதோட இருக்கட்டும்டி."

"என்னைப் பத்தித் தெரியாதா உனக்கு?"

தெரியும். தெரிந்துதான் சொன்னேன். மறுநாள் ரொட்டி வாங்குகிற வரிசையில் முன்னால் நின்றவள் எனக்கே அந்தக் கதையைச் சொன்னாள், அதில் செத்துப்போன ஒரு பல்லியும் சேர்ந்திருந்தது. அந்த வாரம் ஞானஸ்நானத்துக்கு ஃப்ளான் சொல்லியிருந்தவர்கள் வேண்டாம் என்று ஆள் அனுப்பினார்கள். அடுத்து கல்யாண வீட்டுக்காரர்கள். பலகைக்கு அந்தப் பக்கம் குக்கர் விசிலே கேட்கவில்லை. எனக்கு அதில் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

பொறுத்துப் பார்த்துவிட்டு ஒதாலிஸ் வந்தாள். ரிகோ சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணி, என்னைப் பத்தி ஊர்ல என்ன சொல்லி வச்சிருக்கீங்க?"

"கண்ணால பாத்ததைச் சொன்னேன். நீ செய்யறதை நீ சாப்பிடறதில்லை. ஆமாவா இல்லையா?"

அவள் அண்ணனைப் பார்த்தாள்.

"உன் பொழப்பு போகணும்னு எனக்கு ஆசையா என்ன?" என்றேன். "ஒண்ணு பண்ணு. நான் பாலும் முட்டையும் தர்றேன். ஒரு ஃப்ளான் பண்ணிக் கொண்டா. ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாலயும் முதல் கரண்டி நீ சாப்பிடு. சாப்பிட்டுட்டா ஜன்னல் உனக்கு. என் மெஷினை நானே தள்ளிப் போடறேன். ஊர் வாயையும் நானே அடைக்கறேன்."

"அதானே, நியாயமாத்தான பேசறா," என்றான் ரிகோ, ஆச்சரியத்தோடு.

அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எதுக்கு அண்ணி இதெல்லாம்?"

"ஏன், பயமா இருக்கா?"

"எனக்கென்ன பயம்," என்றாள். குரல் சரியாக வரவில்லை. மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன்.

நான் அவ்வளவு நல்லவள் இல்லை. பாலைக் கொடுப்பதற்கு முன் அதில் பொடி உப்பைக் கைநிறைய அள்ளிப் போட்டுக் கரைத்தேன். போதாதோ என்று இன்னும் கொஞ்சம். என் கணக்கு சுலபமானது. செய்யும்போது ஒரு சொட்டு நாக்கில் வைத்தாலும் தெரிந்துவிடும், சண்டைக்கு வருவாள். வந்தால் அவள்மேல் தப்பில்லை, ஜன்னலைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வேன். நாக்கில் வைக்காமலே செய்தால், ஞாயிற்றுக்கிழமை முதல் வாயிலேயே துப்புவாள். தான் செய்ததைத் தானே துப்புகிறவள் கையால் ரிகோ இனி பச்சைத் தண்ணீராவது குடிப்பானா?

பால் செம்பை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"இவ்ளோ நல்ல பாலு எங்க புடிச்சீங்க அண்ணி?"

"உனக்காகத்தான் தேடி வாங்கினேன்," என்றேன். நாக்கு கூசவில்லை.

அன்று எனக்கு அடுப்பில் வேலையே இல்லை, இருந்தாலும் அடுப்படியிலேயே நின்றேன். ஓட்டை வழியாக எல்லாம் தெரிந்தது. சர்க்கரையை டப்பாவில் கருக்கினாள். முட்டைகளை உடைத்தாள், பாலை ஊற்றினாள், தன் சர்க்கரையை அளந்து போட்டாள், அடித்தாள். கரண்டியை உதடுவரை கொண்டுபோனாள். கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கழுவி வைத்துவிட்டாள். நான் அந்தப் பலகையை முத்தமிடாத குறை.

ஞாயிறு மதியம். மிர்த்தாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தேன். கூப்பிடாவிட்டாலும் வந்திருப்பாள். ஒதாலிஸ் மஞ்சள் சட்டை போட்டு, தலையை இழுத்து வாரிக்கொண்டு, தட்டை மேஜையில் வைத்தாள். லேசாக ஆடி, பாகு வழிந்து, அழகாகத்தான் இருந்தது, பாவி.

"உம், சாப்பிடு," என்றேன்.

கரண்டியால் வெட்டி எடுத்தாள். வாயில் வைத்தாள். நான் அவள் உதட்டையே பார்த்தேன். மென்றாள், விழுங்கினாள். புருவம்கூட அசையவில்லை.

"போதுமா அண்ணி? இன்னொண்ணு சாப்பிடட்டுமா?" என்று கேட்டுவிட்டு, இன்னொரு கரண்டியும் சாப்பிட்டாள்.

"அவ்ளோதான! இதுக்கா இந்தக் கூத்து?" என்று மேஜையைத் தட்டினான் ரிகோ. மிர்த்தாவின் முகம் தொங்கிப் போனது, பாவம், பெரிதாக எதையோ எதிர்பார்த்து வந்திருந்தாள்.

எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. கள்ளி! பாலை மாற்றிவிட்டாள். உப்புப் பாலைக் கொட்டிவிட்டு வேறு பாலில் செய்து, ஒன்றும் தெரியாதவள் போல் என் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். எப்போது மாற்றினாள்? நான் கண் கொட்டாமல் பார்த்தேனே! கரண்டியைப் பிடுங்கி ஒரு பெரிய துண்டை என் வாயில் போட்டேன்.

கடல் தண்ணீர். கட்டியாக்கிய கடல் தண்ணீர். இதை எப்படி ஒருத்தி இரண்டு கரண்டி, அதுவும் முகம் சுளிக்காமல்...

நிமிர்ந்தேன். ஒதாலிஸ் தட்டைப் பார்க்கவில்லை. அண்ணனையும் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் மிர்த்தாவுக்குக் கொடுத்துவிட்டுப் பார்ப்பாளே, அதே பார்வை. எப்படி வந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு என் மூஞ்சியை விட்டால் வேறு வழியில்லை.

ஐயோ என்றிருந்தது எனக்கு. அவள் நாக்கு செத்துப் போயிருந்தது. இனிப்பு செய்து பிழைக்கிறவளுக்கு நாக்கு இல்லை. அதைத்தான் இத்தனை நாளும் மறைத்திருக்கிறாள், நான் அதற்கு மருந்து என்று பேர் வைத்து ஊர் முழுக்கத் தூவியிருக்கிறேன்.

"குடு, எனக்கொரு வாய்," என்று ரிகோ கையை நீட்டினான். அவன் சாப்பிட்டால் முடிந்தது. மிர்த்தா வேறு உட்கார்ந்திருக்கிறாள். பொழுது சாய்வதற்குள் விஷயம் ரொட்டிக்கடைவரை போய்விடும்.

உப்பை விழுங்கினேன். தட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"என் பாலு, என் முட்டை. இது எனக்கு."

"அடியே, ஒரே ஒரு வாய்!"

"கை நீட்டினே, கத்திரிக்கோலால வெட்டிப்புடுவேன்."

"போச்சு!" என்று மிர்த்தா கையைத் தட்டினாள். "இவளுக்கும் வச்சிட்டாடி ஒதாலிஸ்!"

ரிகோ விழுந்து விழுந்து சிரித்தான். நான் சாப்பிட்டேன். ஒவ்வொரு வாயாக, பாகை வழித்து, தட்டு காலியாகும்வரை. கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"அழறா பாரு! அப்படி என்னடி ருசி?" என்றாள் மிர்த்தா.

"சும்மா சொல்லக் கூடாது. இப்படி ஒண்ணை நான் சாப்பிட்டதே இல்லை," என்றேன். அது சத்தியம். "ஊர்ல யாராவது இனி வாயைத் திறந்தா என்கிட்ட அனுப்பு. ஜன்னல் அவளுக்குத்தான்."

மிர்த்தா போய்விட்டாள். ரிகோ அப்போதே முன் அறைக்குப் போய் என் மெஷினை இழுக்க ஆரம்பித்தான். நான் அடுப்படிக்கு ஓடி, குழாயைத் திறந்து, குடித்தேன், குடித்தேன், மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் குடித்தேன். திரும்பினால் அவள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"இவ்ளோ தண்ணி குடிக்கறீங்க."

"தித்திப்பு. தாகமெடுக்குது."

"காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு ஒண்ணுமே தெரியலை அண்ணி," என்றாள். "காப்பி தெரியலை, தேன் தெரியலை. வாசனையும் கிடையாது. இன்னிக்கு வந்துடும், நாளைக்கு வந்துடும்னு பாத்தேன். வெளிய சொன்னா யாரு என்கிட்ட வாங்குவா?"

"நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். இனிமே நீ கிண்டறப்ப என்னைக் கூப்பிடு, நான் ருசி பாத்துச் சொல்றேன்." உண்மையாகத்தான் சொன்னேன். அவளைக் கட்டிக்கொள்ளலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தேன்.

அவள் ஒரு அடி பின்னால் போனாள்.

"நல்லா இருந்திருந்தா அண்ணனுக்குக் குடுத்திருப்பீங்க," என்றாள். "நான் போட்டது என் சர்க்கரை. பாத்துதான் போட்டேன். முட்டையும் நல்ல முட்டை. அப்ப பாலுதான்."

முன் அறையில் மெஷினின் இரும்புக் கால் தரையில் கீச்சிட்டது.

"பால்ல என்ன கலந்தீங்க அண்ணி?"

"உப்பு."

"உப்பு மட்டுமா?"

அவள் ஒரு கையை வயிற்றின் மேல் வைத்திருந்தாள்.

"நான் ரெண்டு கரண்டி முழுங்கியிருக்கேன். எனக்கு எதுவும் தெரியாது. கசப்பா இருந்தாலும் தெரியாது. இப்பவே சொல்லிடுங்க, டாக்டர்கிட்டயாவது ஓடறேன்."

"உப்புதான்டி! சத்தியமா உப்பு மட்டும்தான்! நானும்தானே சாப்பிட்டேன், முழுத் தட்டையும்? நீ பாக்கலையா?"

"பாத்தேன். அழுதுக்கிட்டே சாப்பிட்டீங்க."

என்ன சொன்னாலும் பொய்யாகத்தான் கேட்கும் போலிருந்தது. குழாயைத் திறந்து, டம்ளரைக் கழுவி, நிறையத் தண்ணீர் பிடித்து அவளிடம் நீட்டினேன்.

"குடி. உப்புக்குத் தண்ணி குடிச்சா சரியாயிடும்."

அவள் வாங்கிக்கொண்டாள். டம்ளரை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோய் மோந்தும் பார்த்தாள், மோந்தால் தெரியாது என்று அவளுக்கே தெரியும். பிறகு ஒரு சொட்டு சிந்தாமல் அதை மேஜைமேல் வைத்துவிட்டு, தன் பக்கம் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள்.