பக்கத்தில் நின்ற ஒருவர்

இப்போதெல்லாம் ஒரு போட்டோவைப் பார்த்துவிட்டுச் சும்மா போக யாருக்கும் தெரியவில்லை என்பது கிறிஸ்துராஜின் நெடுநாள் எரிச்சல். ஒரு வீட்டுக்குப் போனால் ஆல்பத்தைக் கையில் கொடுப்பார்கள். புரட்டுவோம், "பொண்ணு அப்படியே அம்மா ஜாடை" என்று எதையாவது சொல்லுவோம், காபியைக் குடித்துவிட்டு எழுந்து வருவோம். அதோடு முடிந்தது. இப்போது அப்படியா? முகம் தெரியாதவன், ஊர் தெரியாதவன், சொந்தப் பேரைக்கூடச் சொல்லாதவன் எங்கேயோ ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, அடுத்த வீட்டுப் படத்துக்கு வெளிச்சம் போதாது, கோணம் சரியில்லை என்று தீர்ப்பு எழுதுகிறான். எழுதுகிறவனையாவது வேலைவெட்டி இல்லாதவன் என்று விட்டுவிடலாம். அதைப் படித்துவிட்டு ஒருத்தன் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறானே, அவனை என்ன சொல்வது?

அப்படி உட்கார்ந்திருந்தவன் அவர் பெற்ற மகன் ஜோஸ்.

ஜோஸுக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை. மேசைமேல் ஷூ வந்துகொண்டே இருக்கும். தையல் கோணியிருந்தால், பசை வெளியே தெரிந்தால், அந்த இடத்தில் சின்னதாகச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிறவன் வருகிற நாளில் அவனே அம்பு ஒட்டுவான். ஏன் ஒட்டினாய் என்று யாரும் கேட்கக் கூடாது. ஒட்டின இடத்தைச் சரிசெய்து கொண்டுபோய் அவன் முன்னால் வைக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டாயிரத்து ஐந்தில் ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கினான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் பாலாற்று மணலிலும் தோல் காயப்போடுகிற இடங்களிலும் சுற்றிப் படம் எடுப்பான். மற்ற நாளில் ஷிப்டு முடிந்ததும் வீட்டுக்கு வராமல் பஸ் ஸ்டாண்டு பக்கம் கலீமுல்லா வைத்திருந்த பிரவுசிங் சென்டருக்குப் போவான். போட்டோ எடுக்கிறவர்கள் எல்லாம் கூடுகிற ஏதோ ஒரு வெப்சைட்டாம். இவன் படத்தை அவர்கள் பார்த்துச் சொல்வார்களாம், அவர்கள் படத்தை இவன் பார்த்துச் சொல்வானாம்.

"பரிசு கிரிசு எதனா தர்றாங்களா?" என்று கிறிஸ்துராஜ் ஒருநாள் கேட்டார்.

"இல்லப்பா. குறை சொல்வாங்க. திருத்திக்கலாம்."

"குறை வேணும்னா என்னைக் கேளு. வெளிய போக வேண்டியதே இல்ல, வீட்லயே கெடைக்கும்."

ஜோஸ் சிரிக்கவில்லை.

போன வருஷம் ஈஸ்டர் அன்று ஜோஸ் தன் அம்மாவைப் படம் எடுத்தான். ஜெபராணி அதே ஊரில் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற வேலை பார்த்தவள். நோய் வந்து வேலூர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, இனி வீட்டிலேயே இருக்கட்டும் என்று அழைத்துவந்த நேரம் அது. பச்சைப் புடவையைத் தேடி எடுத்துக் கட்டச் சொன்னாள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காரவைத்தார்கள். தனியாக நிமிர்ந்து உட்கார அவளால் முடியாது, ஒரு பக்கமாகச் சரிந்துவிடுவாள். அதனால் கிறிஸ்துராஜ் அவள் இடது பக்கம் ஒட்டி நின்று தோளைப் பிடித்துக்கொண்டார். அவளும் தலையை அவர் பக்கம் சாய்த்துக்கொண்டாள். கேமராவின் பின்பக்கம் இருக்கிற சின்னத் திரையில் ஜோஸ் அந்தப் படத்தைக் காட்டியபோது, "உங்கப்பா போலீஸ்காரர் மாதிரி மொறைக்கிறாரு பாரு" என்று சொல்லிச் சிரித்தாள். மழைக்காலம் வருவதற்குள் போய்விட்டாள்.

இப்போது வருஷம் திரும்பிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நினைவு ஜெபம். கோயில் பாதிரியார் ஐயர் வருவார், சபையார் வருவார்கள், முன்னால் ஒரு படம் வைக்க வேண்டும். வேறு படம் இல்லாமல் இல்லை. கல்யாணப் படம் இருக்கிறது. அதில் அவள் யாரோ வீட்டுப் பெண், மாலைக்குள் பயந்துகொண்டு நிற்கிறாள். ஈஸ்டர் படத்தில்தான் அவள் அவருடைய மனைவி. அந்தப் படத்தைக் கேட்டுக் கேட்டு அவருக்கு வாய் வலித்துப்போனது. "போட்டுத் தர்றேன்பா" என்பான், நழுவிவிடுவான். நாளைக் கடத்துகிறவனிடம் என்னவோ இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. வியாழக்கிழமை சட்டையை மாட்டிக்கொண்டு தானே புறப்பட்டுவிட்டார்.

சென்டரில் பிளைவுட் தடுப்பு வைத்து வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். கலீமுல்லா எழுந்து நாற்காலி போட்டான்.

"வாங்கண்ணே! இன்னா அதிசயம்? பாஸ்போர்ட் அப்ளை பண்ணணுமா?"

"பாஸ்போர்ட்டு எடுத்துக்கினு நான் எந்த துபாய்க்குப் போகப் போறேன்? ஜோஸ் படமெல்லாம் உன் மெஷின்லதான் வெச்சிருக்கானாமே. அவங்கம்மா படத்தைப் பெருசா ஒண்ணு போட்டுக் குடு பாய். ஃப்ரேம் போடணும்."

கலீமுல்லா தேடினான். ஜோஸ் பேரில் இருந்ததைத் திறந்து, ஈஸ்டர் படத்தைத் தட்டினான். திரை நிறையப் படம் வந்தது.

கிறிஸ்துராஜ் கிட்டே போய்ப் பார்த்தார். "யார் இது?"

"அண்ணிதாண்ணே."

அண்ணிதான். ஆனால் பச்சைப் புடவை சாம்பலாகியிருந்தது. முகத்துச் சுருக்கங்களில் மையை ஊற்றினது மாதிரி கறுப்பு. பஸ் ஸ்டாண்டில் கை நீட்டுகிற கிழவிக்கும் அந்த முகத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இடது பக்கமாகச் சரிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் சரிந்த பக்கத்தில் ஒன்றுமே இல்லை. வெறும் இருட்டு.

"நான் எங்க?" என்றார்.

கலீமுல்லா, "இருங்க, வேற இருக்கும்" என்று மறுபடி தேடினான். வேறு இல்லை. "திருத்தினதை அது மேலயே சேவ் பண்ணிட்டான் போலண்ணே. வெப்சைட்ல பழசு இருக்கும், பார்க்கலாம்." வெப்சைட் திறக்க நேரம் எடுத்தது. அங்கேயும் இதே சாம்பல் படம். அதற்குக் கீழே நீளமாக இங்கிலீஷ் எழுத்து.

"கீழ இன்னா எழுதிக்கீது?"

"அது... படம் பார்த்தவங்க எழுதனதுண்ணே. சும்மா, நல்லாருக்குன்னு."

"இவ்ளோ நீட்டுக்கா நல்லாருக்குன்னு எழுதுவாங்க? படி பாய். ஒண்ணு விடாம படி."

கலீமுல்லா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டான். படித்துப் படித்துத் தமிழில் சொன்னான்.

"முதல்ல ஒருத்தன், புடவை கலர் கண்ணைக் குத்துது, கறுப்பு வெள்ளை ஆக்குங்கறான். ஜோஸ், நன்றி, மாத்திட்டேன்னு போட்டிருக்கான்."

"கண்ணைக் குத்துதா? அவ தேடி எடுத்துக் கட்டச் சொன்னது. சரி, மேல சொல்லு."

"அடுத்தவன், அந்தம்மா முகம் பிரமாதம், ஆனா பக்கத்துல ஒரு கிழவன் நிக்கறான், அவன் மொறைக்கறதால பார்வை அங்க போய்டுது, யார் அவன்னு..." கலீமுல்லா நிறுத்தினான்.

"கேட்டிருக்கான் இல்ல? என் மகன் இன்னா சொன்னான்?"

"அண்ணே, விடுங்கண்ணே. டீ சொல்லட்டா?"

"பாய்."

"'பக்கத்தில் நின்ற ஒருவர். வெட்டிவிடுகிறேன். நன்றி'ன்னு போட்டிருக்கான்."

கிறிஸ்துராஜ், மேலே படி என்று கையைக் காட்டினார்.

வெட்டிப் போட்ட பிறகும் அவர்கள் விடவில்லை. தோள்மேல் யாருடைய கை இது, விரலெல்லாம் வெந்த மாதிரி இருக்கிறது, அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிடு என்று இன்னொருத்தன். தோல் பதனிடுகிற டேனரியில், சுண்ணாம்புத் தொட்டியில் தோலை இழுத்துப் போட்டு ஊறின அவர் கை வேறு எப்படி இருக்கும்? ஜோஸ் அதற்கும் நன்றி சொல்லி, படத்தில் இருந்த புடவைத் துணியையே எடுத்துக் கைமேல் பூசி மூடிவிட்டான். கை போனதும் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அந்தம்மா சரிந்திருக்கிற சரிவைப் பார், தாங்க ஆளில்லாத சரிவு என்று ஒருத்தி. இந்தத் தாயை விட்டுவிட்டுப் போனவனை ஆண்டவர் மன்னிக்க மாட்டார் என்று ஒருத்தன்.

"விட்டுட்டுப் போனான்னு இவனுங்களுக்கு யார் சொன்னது?"

"தலைப்பு அப்படி வெச்சிருக்கானே..."

"இன்னா தலைப்பு?"

"'கைவிடப்பட்டவள்'."

பக்கத்துத் தடுப்பில் எவனோ பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். கலீமுல்லா எட்டி அவனை அதட்டினான். கிறிஸ்துராஜ் நாற்காலியில் உட்கார்ந்தார். அவளைத் தூக்கி உட்காரவைத்து, துடைத்துவிட்டு, கஞ்சியை ஊட்டி, விழாமல் பிடித்துக்கொண்டிருந்தது யார் என்று அந்த மெஷினிடம் சொல்ல வழியில்லை. மெஷினுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களிடம் சொல்வதற்கும் வழியில்லை.

ஷிப்டு முடிந்து ஜோஸ் வழக்கம்போல உள்ளே வந்தான். அப்பாவையும் திரையையும் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"வாங்க சார்," என்றார் கிறிஸ்துராஜ். "நான் யாருன்னு தெரியுதா? பக்கத்துல நின்னவன்."

"அப்பா..."

"அப்பான்னு எழுதறதுக்கு இன்னாடா வெக்கம்? டேனரியில நின்னவன்னா?"

"அய்யோ, அது இல்லப்பா. எங்கம்மா, எங்கப்பான்னு சொன்னா எல்லாரும் ஐயோ பாவம், நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போய்டுவாங்க. உள்ளதைச் சொல்ல மாட்டாங்க. வேற ஆளுன்னு நெனச்சாத்தான் குறையைச் சொல்வாங்க. எல்லாருமே அப்படித்தான் போடுவாங்கப்பா. இந்த ஊர்ல என் படத்தை உக்காந்து பார்த்துச் சொல்றதுக்கு யார் இருக்காங்க சொல்லு."

"அவன் சொன்னா நீ செஞ்சிடறதா? அங்க நிக்கறது எங்கப்பன், கையை எடுத்தா எங்கம்மா விழுந்துடுவான்னு சொல்ல உனக்கு வாய் இல்ல?"

"குறைன்னு காட்டிட்டா அதைச் சரி பண்ணிடணும்னுதான்..."

"அவ இன்னா ஷூவாடா? அவன் அம்பு ஒட்டறான், நீ ரிப்பேர் பண்ணி எடுத்துக்கினு ஓடற!"

ஜோஸ் தலை குனிந்தான். கலீமுல்லா நடுவில் புகுந்தான். "கேமராவுல பழசு இருக்குமே தம்பி?"

"கார்டை அழிச்சு அழிச்சுத்தான் எடுக்கறேன் பாய். எப்பவோ போய்டுச்சு." பிறகு அப்பாவைப் பார்த்து, "அதனாலதாம்பா இத்தினி நாளா சொல்ல முடியல" என்றான்.

"இன்னைக்கும் நீயா சொல்லல."

ஜோஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். எதையோ நீளமாக அடித்தான். கலீமுல்லா கிறிஸ்துராஜின் காதருகே சொல்லிக்கொண்டே வந்தான்: இது என் அம்மா, நான் வெட்டினது என் அப்பாவை, அவர்தான் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தார், அவளை யாரும் கைவிடவில்லை, இப்போது அவள் உயிரோடு இல்லை. எல்லாம் எழுதினான். எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருந்தான்.

டீ வந்தது. யாரும் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் பதில் விழுந்தது.

"இன்னா சொல்றான்?"

"வருத்தமா இருக்குன்னு சொல்றாண்ணே. ஆனா படம் இப்பதான் நல்லாருக்காம், அவரை வெட்டினது சரிதானாம். இன்னொருத்தி, தலைப்பை மட்டும் 'காத்திருப்பு'ன்னு மாத்திட்டா எல்லாம் சரியாய்டும்கறா."

கலீமுல்லா சொல்லி முடிப்பதற்குள் ஜோஸின் கை கீபோர்டுக்குப் போய்விட்டது. நன்றி என்று அடித்தான். தலைப்பு இருந்த இடத்துக்கு அம்புக்குறியை நகர்த்தினான். அப்புறம்தான் அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது ஞாபகம் வந்து, சூடு பட்டவன் மாதிரி கையை இழுத்துக்கொண்டான்.

கிறிஸ்துராஜ் எழுந்தார்.

"அப்பா, இரு. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒண்ணு பண்ணித் தர்றேன். உன்னை இப்ப தனியா ஒரு போட்டோ எடுத்து, அம்மா பக்கத்துல ஒட்டிடலாம். கலரும் பச்சையா ஏத்திடலாம். வித்தியாசமே தெரியாது."

"என்னை ஒட்டறியா?" என்றார். "நான் அங்க நின்னவன்டா."

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். ஜோஸ் பின்னாலேயே ஓடிவந்தான்.

"அவங்க கெட்டவங்க இல்லப்பா. எனக்கு நிறைய கத்துக் குடுத்திருக்காங்க. நீ ஒருதரம் உக்காந்து மத்த படமெல்லாம் பார்த்தீன்னா உனக்கே புரியும்."

"இருக்கலாம். உனக்குப் புரிஞ்சா சரி."

"ஐயர் வந்து படம் எங்கன்னு கேட்டா இன்னாப்பா சொல்றது?"

"இல்லன்னு சொல்றது. பாட்டு பாடட்டும், ஜெபம் பண்ணட்டும், சாப்பிட்டுப் போகட்டும். படம் வைக்கலன்னா ஜெபம் ஆகாதுன்னு எங்க எழுதியிருக்கு?"

ஜோஸ் இன்னும் என்னவோ சொன்னான். வாணியம்பாடி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு இடையில் புகுந்ததில் அது காதில் விழவில்லை. திரும்பக் கேட்கவும் அவருக்குத் தோன்றவில்லை. பஸ் போக வழிவிட்டு ஓரமாக நின்றார். அது போனதும் சாலையைக் கடந்து வீட்டைப் பார்த்து நடந்தார்.